விசிறி நிற்கும் வரை

கண்ணைத் திருப்பாத வரைக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று சென்னியப்பன் தனக்குள் சொல்லிக்கொண்டார். சோபாவின் நுனியில், முதுகு எதிலும் படாமல், பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவுக்கு உட்காரவைத்த பையன் போல உட்கார்ந்திருந்தார். ஹாலில் விளக்கை அணைத்து ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். வெளியே இன்னும் முழுசாக இருட்டவில்லை, தெருவில் பால்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். எதிர்ச் சுவரில் மாட்டிய வெள்ளைத் திரையில் ஆட்கள் ஆளுயரத்துக்கு மேல் பெரிசாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நடுவுக்குச் சற்றுக் கீழே, இடது பக்கமாக இருந்த அந்தக் கறையைத் தவிர. விளிம்பு இல்லாத கறை. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல், அழுக்குச் சிவப்பாக, யார் அந்தப் பக்கம் வந்தாலும் அவர்களை மங்கடித்து அனுப்பியது. பக்கத்தில் நீலப் புடவையில் சுலோச்சனா பொரி தின்றுகொண்டிருந்தாள். கீழே டீப்பாய் ஓரமாகச் சம்மணமிட்டு மகள் தாரணி, பெங்களூரிலிருந்து அந்தப் புரொஜக்டரைக் குழந்தையைத் தூக்கிவருவது போல மடியில் வைத்துத் தூக்கி வந்தவள், பெருமை முகத்தில் வழிய உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் கறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. திரையில் இருந்தால் அவர்களுக்கும் தெரியுமே, தெரிந்தால் சுலோச்சனா சும்மா இருப்பாளா, சாப்பாட்டில் ஒரு முடி கிடந்தால் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறவள். அப்படியானால் அது திரையில் இல்லை. திரையில் இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்கிற கேள்வி வந்ததும் அதைத் தாண்டி வேறு பக்கம் போகப் பார்த்தார்.

போக முடியவில்லை. நினைப்பில் கண் டாக்டரம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான அம்மாள், பேச்சில் கனிவும் கிடையாது, கோபமும் கிடையாது. ஆடி மாசத்தில் அவர் தனியாகப் போய்க் காட்டினார், வீட்டில் கண்ணாடி பவர் மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டு. சொட்டு மருந்து விட்டு, நாடியைத் தாங்குகிற அந்த இரும்பில் முகத்தை வைக்கச் சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தாள். "சர்க்கரை கண்ணுக்குள்ள இறங்கியிருக்குங்க. உள்ள நரம்புல சின்னச் சின்னக் கசிவு. லேசர் வெச்சாகணும். அடுத்த மாசமே வந்துருங்க" என்றாள். அடுத்த மாசம் என்றால் ஆவணி, ஆவணியில் சாயப்பட்டறையில் கல்யாண ஆர்டர் நெருக்கடி, புரட்டாசியில் இன்னொன்று, இப்போது ஐப்பசி. போகாததற்கு ஒவ்வொரு மாசமும் ஒரு காரணம் தானாக வந்து வாசலில் நின்றது, அவரும் வாங்க வாங்க என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். உண்மையான காரணம் பயம்தான், கண்ணுக்குள் நெருப்பு வைக்கப் போகிறார்கள் என்கிற பயம், அதைவிட, வைத்தும் பிரயோசனமில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னாள். "திடீர்னு புள்ளி, நூல் மாதிரி ஏதாவது மிதந்தா, இல்ல ஒரு பக்கம் மறைச்சா, நாளைக்கு நாளான்னைக்குன்னு பாக்காதீங்க. அன்னைக்கே வரணும்." அவர் பட்டறையில் கலர் பார்க்கிறவர், எதையும் சோதித்துப் பார்க்கிற ஆள், அதனால் கேட்டார், வெளியில இருக்கற அழுக்கா கண்ணுல இருக்கறதான்னு எப்படிங்க தெரியும் என்று. அந்தம்மாள் முதல் தடவையாகச் சிரித்தாள். "சுலபங்க. பார்வையைத் திருப்புங்க. கண்ணுல இருக்கறதுன்னா கூடவே வரும். வெளியில இருக்கறதுன்னா அங்கேயே நின்னுக்கும்." அவ்வளவுதான் சோதனை. ஒரு நொடி போதும். இடது பக்கச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரிந்துவிடும். அந்த ஒரு நொடியைத்தான் அவர் படம் ஆரம்பித்ததிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். கழுத்து மரத்துப் போய்விட்டது. திரையின் நடுவில் ஒரே இடத்தைப் பார்த்தபடி இருந்தார், ஆனால் கண் என்ன நாம் சொன்ன இடத்தில் நிற்கிற சாமானா, அது அப்படி இப்படி ஓடத்தான் செய்தது. ஓடும்போதெல்லாம் கறையும் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. பழைய வீடியோ, எடுத்தவன் கை வேறு ஆட்டம், படமே குலுங்கியது. நகர்ந்தது கறையா படமா என்று பிடிபடவில்லை. பிடிபடாததே நல்லது என்றும் இருந்தது.

மத்தியானம் புரொஜக்டர் வெளிச்சத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். தாரணி ஆபீஸ் மீட்டிங் என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள், "அப்பா, நான் வர வரைக்கும் ஆன் பண்ணாதீங்க, சும்மா எடுத்து மட்டும் வைங்க." எடுத்து மட்டும் வைக்கிற ஆளா அவர். டேப்பை எடுத்துத் திரைக்கும் டீப்பாய்க்கும் தூரம் பிடித்தார், டீப்பாயை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். உயரம் போதவில்லை என்று அடியில் இரண்டு டயரிகளைக் கொடுத்தார், பக்கவாட்டில் காற்றுப் போகிற கம்பி ஓட்டையை மறைக்கக் கூடாது என்று அட்டைப்பெட்டியில் படம் போட்டிருந்ததால் சோபாத் தலையணையை அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. ஃப்ரிட்ஜ் மாட்டுகிற எக்ஸ்டன்ஷன் பெட்டி வேண்டாம், இதற்குத் தனிப் பிளக்கு என்று சுலோச்சனாவின் மிக்ஸியைப் பிடுங்கிவிட்டு அங்கே மாட்டினார். வயர் காலில் தட்டாமல் சுவரோரமாக டேப் ஒட்டினார். இத்தனையும் ஒழுங்காகச் செய்த மனுஷன் கடைசியில் ஒரு பட்டனை அமுக்கினார், விளக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க மட்டும்தான். மிஷினுக்குள் விசிறி ஓடுகிற சத்தம் வந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. என்ன கோளாறு என்று முன்னால் குனிந்து பார்த்தார். மிஷினின் முகப்புக் கண்ணாடியில் கறுப்பு மூடி போட்டே இருந்தது. அடச்சே என்று மூடியை உருவினார், முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டே. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் தலைக்குள் இருந்த எல்லாமும் வெள்ளையாகிவிட்டது. பின்னால் சாய்ந்து, கையால் தடவி பட்டனை அமுக்கி அணைத்து, மூடியைப் போடத் தோன்றாமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். மூடின இமைக்குள் பச்சையும் ஊதாவும் சுற்றிச் சுற்றி வந்தன. வயரைப் பிடுங்கப் போனபோதுதான் மீட்டிங் முடிந்து வந்த தாரணி கத்தினாள், "ஐயோ, விசிறி நிக்கற வரைக்கும் பிளக்கைப் புடுங்கக் கூடாதுப்பா, உள்ள சூடு இருக்கும், லாம்ப் போயிரும்." சத்தம் கேட்டு சுலோச்சனாவும் வந்தாள், விசிறி நிற்கும்வரை மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தாரணி மிஷினோடு வந்த புத்தகத்தைப் பிரித்து முதல் பக்கத்தை அவர் முன்னால் நீட்டினாள். ஒரு கண், அதை நோக்கி வரும் வெளிச்சம், மேலே பெரிய பெருக்கல் குறி. எழுத்துத் தெரியாதவனுக்கும் விளங்குகிற படம். "நேராப் பாக்கக் கூடாதாமா, பாத்துக்கங்க" என்றாள். அவர் பார்த்தாயிற்று என்று சொல்லவில்லை.

சுலோச்சனாவுக்கு வேறு கோபம். "பூசை போடாம புது மிசினை ஆன் பண்ணிப்போட்டீங்களாக்கும்? ஒரு பொட்டு வெக்கற வரைக்கும் பொறுக்காதா உங்களுக்கு? பட்டறையில மட்டும் ஆயுத பூசைக்கு நட்டு போல்ட்டுக்கெல்லாம் பொட்டு வெப்பீங்க" என்று பிடித்துக்கொண்டாள். அவர் தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக் கண்ணின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டார். ஹாலில் மணி அடித்தது, சூடத்தின் வாசம் வந்தது, "சூடத்தைப் பக்கத்துல கொண்டு வராதம்மா" என்று தாரணி பதறியதும் கேட்டது. துண்டுக்கு அடியில் அவர் கும்பிட்டுக்கொண்டார். சாமிக்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று மற்றவர்களிடம் நையாண்டி பேசுகிறவர்தான், ஆனாலும் பூசைக்கு முன்னால் போட்டதால் இப்படி ஆயிற்றோ என்று ஒரு எண்ணம் வந்து, அதைத் துரத்தினால் மறுபடி வந்து, கடைசியில் அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்கிப்போனார். எழுந்தபோது பச்சையும் ஊதாவும் போயிருந்தன. சுவர் சுவராக, காலண்டர் காலண்டராகத் தெரிந்தது. தப்பித்தோம் என்று காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். ஹாலுக்கு வந்து, விளக்கை அணைத்து, படம் ஆரம்பித்து, ஆட்கள் அசைய ஆரம்பித்த உடனே அந்தக் கறை வந்து உட்கார்ந்துகொண்டது. நல்ல வெளிச்சத்தில் ஒளிந்திருந்து இருட்டில் வெளியே வருகிறதோ. டாக்டரம்மா இருட்டறையில்தானே வைத்துப் பார்த்தாள்.

கண் போனால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது. திருப்பூரில் ஆயிரம் பேர் துணிக்குச் சாயம் போடுவார்கள். சாயம் போட்ட துணி கேட்ட கலரில்தான் வந்திருக்கிறதா என்று சொல்லத்தான் அவர் மாதிரி ஆட்கள். கம்ப்யூட்டர் ஒரு எண்ணைச் சொல்லும், சொல்லட்டும், கலர் பார்க்கிற லைட் பாக்ஸில் துணியை விரித்து அவர் தலையை ஆட்டினால்தான் முதலாளி லாரியில் ஏற்றுவார். கொஞ்சம் மஞ்சள் தூக்குது, சித்த நீலம் பத்தாது என்று அவர் சொன்னால் சொன்னதுதான். போன வாரம் மயில்கழுத்துக் கலர் ஒன்று வந்தது. விரித்தார், சரி என்றார். பக்கத்தில் நின்ற மாரப்பன், அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவன், மெதுவாகக் கேட்டான், "அண்ணா, பச்சை தூக்கறாப்புல இல்லீங்களா?" அவர் மறுபடி பார்த்தார். அவருக்கு அது நீலமாகத்தான் இருந்தது. நல்ல, சுத்தமான, சந்தேகமில்லாத நீலம். டியூப் மாத்தணும் இதுல, வெளிச்சமே சரியில்லை என்று லைட் பாக்ஸ் மேல் பழியைப் போட்டார். மாரப்பன் சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்து எடுத்துப் போனான். எங்கே எடுத்துப் போனான் என்று அவர் கேட்கவில்லை. அந்த சரிங்கண்ணா அவருக்குப் பழக்கமான சத்தமாக இருந்தது, எங்கே கேட்டோம் எங்கே கேட்டோம் என்று இரண்டு நாள் அரித்தது. இப்போது தெரிந்தது.

ஏனென்றால் திரையில் அய்யன் வந்துவிட்டார். அவருடைய அப்பா. தாரணியின் காதுகுத்து வீடியோ அது, பழைய கேசட்டைக் கடையில் கொடுத்து மாற்றி வாங்கி வந்து, முதல் படமாக அதைத்தான் போட வேண்டும் என்று தாரணி சொல்லிவிட்டாள். மொட்டை போட்ட தாரணி தாய்மாமன் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள், "பாரு, இப்பவும் அதே தொண்டைதான்" என்று சுலோச்சனா சிரித்தாள். காமிராவோடு ஒருத்தன் பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனான். லைட் முகத்தில் படப்பட ஒவ்வொருத்தராகக் கண்ணைச் சுருக்கினார்கள், கையை மறைத்தார்கள், ஒரு அத்தை முந்தானையை இழுத்துக்கொண்டாள். முதல் வரிசை நாற்காலியில் அய்யன் மட்டும் நிமிர்ந்து, இமை கொட்டாமல், லைட்டை நேராகப் பார்த்தார். அன்று கூட்டத்தில் யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தால் மறைக்க வழியில்லை. அய்யனுக்கும் சர்க்கரைதான். அந்த முகத்தில்தான் கறை சரியாகப் போய் உட்கார்ந்தது. அன்று காலையில் அய்யனுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டார்கள். அய்யன் துணியை இரண்டு விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "சந்தனக் கலரா?" என்றார். வெள்ளைச் சட்டை அது, பளீரென்ற வெள்ளை. அம்மா ஒரு நொடி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். "ஆமாங்க, சந்தனக் கலருதான்" என்றாள். வீட்டில் எல்லோரும் ஆமாங்க ஆமாங்க என்றார்கள். யாருக்கு என்ன நஷ்டம், பெரியவர் சந்தோசமாக இருக்கட்டும். அய்யன் அன்று பூராவும் வருகிறவர்களிடமெல்லாம் சந்தனக் கலர்ச் சட்டை, மகன் எடுத்துக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களும் சிரிக்காமல் நல்லா இருக்குதுங்க என்றார்கள். ஊரே சேர்ந்து ஒரு மனுஷனுக்குச் சந்தனக் கலர் காட்டியது. அந்த ஆமாங்கதான் மாரப்பனின் சரிங்கண்ணா. அப்படியானால் பட்டறையில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்களோ. இந்த வீட்டிலும் ஆரம்பித்திருப்பார்களோ. அவர் சுலோச்சனாவைத் திரும்பிப் பார்க்க நினைத்தார், பார்த்தால் கறையும் கூட வந்து அவள் முகத்தில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து பார்க்காமல் இருந்தார்.

கரண்டாவது போய்த் தொலைந்தால் தேவலை. ஊருக்கெல்லாம் போகிற கரண்ட் இன்றைக்கு என்று போகவில்லை. எல்லாம் இருட்டாகிவிட்டால் கறையும் இருட்டில் கரைந்துவிடும், கொஞ்ச நேரம் எல்லோரும் ஒரே மாதிரி குருடாக உட்கார்ந்திருக்கலாம். மிஷினிலிருந்து சூடான காற்று அவருடைய முழங்காலில் அடித்தது. பிளாஸ்டிக் வாடை அடிக்கிற மாதிரி இருந்தது, புது மிஷின் அப்படித்தான் இருக்கும் என்று இருந்தது, அடியில் கொடுத்த டயரி சூட்டில் பற்றிக்கொள்ளுமோ என்று இருந்தது, பற்றிக்கொண்டால் முதலில் திரை எரியும், பிறகு ஜன்னல் திரை, மகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டபோது மகள் மொட்டைத்தலையோடு மடியில் கிடக்கிற குழந்தையாகவே மனசில் வந்தாள். நெருப்பைப் பற்றிப் பயப்படுவது ஒரு விதத்தில் சுகமாக இருந்தது. நெருப்பு என்றால் எல்லோருக்கும் தெரியும், கத்தலாம், தண்ணீர் ஊற்றலாம். இது அவருக்கு மட்டும் தெரிகிற நெருப்பு. பார், ஒரு நொடி, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பு, செத்தா போய்விடுவாய் என்று தன்னையே அதட்டினார். சரி, அய்யன் திரையை விட்டுப் போனதும் பார்க்கலாம். அய்யன் போனார். சரி, இந்தப் பந்தி முடியட்டும். பந்தியில் இலை போட்டார்கள், சாம்பார் வாளி வந்தது, ரசம் வந்தது. மோர் ஊற்றட்டும். மோர் ஊற்றினார்கள். அவர் கண்ணை இறுக மூடினார். மூடியதும் தெரிந்தது, திறப்பதற்கு இனி இன்னொரு தைரியம் வேண்டும் என்று. மூடியபடியே உட்கார்ந்து ரசத்தைப் பற்றி யாரோ திரையில் குறை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இங்க பாருங்க, நானு!" என்று சுலோச்சனா அவர் தொடையில் தட்டினாள். திறந்தார். பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக இளவயசு சுலோச்சனா பந்தியில் அப்பளம் போட்டுக்கொண்டே வந்தாள், வந்து இடது பக்கத்தில் நின்றாள். பக்கத்திலிருந்த சுலோச்சனா பொரியைக் கீழே வைத்தாள். "அதென்ன, என்ற மூஞ்சியில மட்டும் அழுக்காட்ட?" என்றாள். தாரணி, "உனக்கும் தெரியுதாம்மா? நான் கேசட்டுல பூஞ்சைன்னு நெனச்சேன்" என்றாள். "எனக்கு மொதல்ல இருந்தே தெரியுது. புதுசுல அப்பிடித்தான் இருக்குமாட்ட இருக்குது, சொன்னா நீ கோவிச்சுக்குவீன்னு இருந்தேன்" என்றாள் சுலோச்சனா. தாரணி படத்தை நிறுத்தினாள். எழுந்து மிஷினுக்குப் பக்கவாட்டில் போய், வெளிச்சத்துக்குள் தலையை விடாமல் சாய்ந்து பார்த்தாள். அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அம்மா. லென்ஸ்ல பொட்டு வெச்சியா?" "நாலு பக்கமும் வெக்கறதுதான கண்ணு முறை? பீரோவுக்கு வெக்கல? ஃப்ரிட்ஜுக்கு வெக்கல? அந்தப் பக்கம் வட்டமா, நெத்தியாட்ட இருந்துச்சு, வெச்சேன்." "மூடியக் கூடப் போடாம வெச்சிருந்தது யாரு?" என்று தாரணி அப்பாவைப் பார்த்தாள். சென்னியப்பன் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கில் ஒரு சத்தமாக, பிறகு தோள் குலுங்க, பிறகு நிறுத்த முடியாமல். சுலோச்சனாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது, ரோசத்தோடு சிரித்தாள். தாரணி தன் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். திரையில் அவளுடைய விரல்கள் தென்னைமரம் உயரத்துக்கு அசைந்தன. குங்குமம் கலைந்து ஒரு கணம் பந்தி முழுக்கச் செம்மண் தண்ணீர் பாய்ந்த மாதிரி ஆனது, சந்தனம் ஒரு கோடாக இழுபட்டது, பிறகு ஓரமாக ஒதுங்கிப் போய்விட்டது. நின்றுபோன படத்தில் ஒரு அப்பளமும் விடாமல் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. அடக் கூறுகெட்டவனே, ஒரு பொட்டுக்கா இந்தப் பாடு என்று அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது, இரண்டு லட்டு தின்னலாம் போல இருந்தது.

"இருங்க, அப்பாரை மறுபடி காட்டறேன், பாவம் அவரு மேலதான் கறை ரொம்ப நேரம் இருந்துச்சு" என்று தாரணி பின்னால் ஓட்டி, அய்யன் லைட்டைப் பார்க்கிற இடத்தில் நிறுத்தினாள். முகம் இப்போது நன்றாக இருந்தது. வெள்ளைச் சட்டை திரையில் பாதியை அடைத்துக்கொண்டு பளீரென்றது. அந்தச் சட்டையின் மேல், பையோரத்தில், ஒரு நூல் ஒட்டியிருந்தது. மெல்லிசான கறுப்பு நூல், நுனியில் ஒரு சுருக்கு. "தாரணி, இன்னும் கொஞ்சம் இருக்குதும்மா, அங்க" என்று கையை நீட்டிக் காட்டினார், வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது. "எங்கப்பா?" "பாக்கெட்டுக்கிட்ட." "ஒண்ணுமில்லையே." சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தனை நேரம் பார்க்க முடியாத கடிகாரத்தை, யோசிக்காமல், சும்மா திரும்பிப் பார்த்துவிட்டார். நூல் சட்டையை விட்டுக் கிளம்பி, கொஞ்சம் தயங்கி, ஆற அமரப் பின்னாலேயே வந்து கடிகாரத்தின் மேல் நின்றது. ஜன்னல் திரையைப் பார்த்தார். அங்கேயும் வந்தது. இடது கண்ணைக் கையால் மூடினார், இருந்தது. வலது கண்ணை மூடினார், இல்லை. அவ்வளவுதான் சோதனை, சுலபம்தான். சுலோச்சனா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், தன் தங்கையிடம் போன் போட்டு இதைச் சொல்ல வேண்டும் என்றாள். சென்னியப்பனும் முகத்தைச் சிரிப்பாகவே வைத்துக்கொண்டார். சொல்லாமல் விட்டுவிடலாம். இன்றைக்கு நல்ல நாளாகவே முடியட்டும், நாளைக்கு ஞாயிறு, திங்கட்கிழமை தாரணி ஊருக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாசலில் அடுத்த காரணம் வந்து நின்றது. அவரும் வாங்க என்று கூப்பிடத்தான் இருந்தார். திரையில் அய்யன் லைட்டை நேராகப் பார்த்தபடி, சந்தனக் கலர்ச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"போதும், மிச்சத்தைச் சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்" என்று தாரணி மிஷினை அணைத்தாள். அய்யன் போய்விட்டார். ஹாலில் இருட்டு இறங்கியது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சுலோச்சனா லைட்டுப் போட எழுந்த சத்தம் கேட்டது. "சுலோ, லைட்டைப் போடாத. சித்த இரு" என்றார். குரலில் என்ன இருந்ததோ, அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். இருட்டில் யார் முகமும் தெரியாதது வசதியாக இருந்தது. மத்தியானம் வெளிச்சத்தை நேராகப் பார்த்துவிட்டதிலிருந்து ஆரம்பித்தார், அது காரணமில்லை என்று தானே மறுத்தார், ஆடி மாசத்துக்குப் போனார், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார், மயில்கழுத்துத் துணியைச் சொன்னார், நூலைச் சொன்னார். முன்னுக்குப் பின்னாக, குழறிக் குழறித்தான் வந்தது. "அன்னைக்கே வரோணும்னு சொன்னாங்க. இப்பவே போகோணும்" என்று முடித்தார். விசிறியின் வேகம் குறைந்து, ஒரு முனகலாகி, நின்றது. அமைதியில் தாரணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஆடி மாசத்துல இருந்துங்களா? என்றகிட்டச் சொல்றதுக்கு என்னங்க வந்துச்சு?" என்றாள் சுலோச்சனா. அழுகையை விட அதில் கோபம்தான் அதிகமாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணு. என்ன ஆனாலும் சரி, எனக்கு யாரும் ஆமாங்க போடக் கூடாது. எங்கய்யனுக்குப் போட்ட மாதிரி" என்றார். சுலோச்சனா சுவரைத் தடவிப் போய் ஸ்விட்சைப் போட்டாள். டியூப்லைட் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. தாரணி போனில் கார் கூப்பிட்டுக்கொண்டே செருப்பைத் தேடினாள். சுலோச்சனா வந்து அவர் எதிரில் நின்றாள், கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். அவர் அவளுடைய புடவையைப் பார்த்தார். சாயந்திரம் பூராவும் பக்கத்திலேயே இருந்த புடவை. "நீலந்தான இது?" என்றார்.

அவள் மகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள். "பச்சை."